நிறம் ஏறுகிறவரை

என் புருஷன் இருதயநாதன், திரு இருதய ஆண்டவர் படம் வைத்திருந்த பீடத்துக்குக் கீழே சாராயம் ஊற்றிய கண்ணாடி ஜாடியைக் கொண்டுவந்து வைத்தபோது, நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக் கோழி கூரைமேல் ஏறிவிட்டது.

"சாமி காலடியில சரக்கா? உங்களுக்குப் புத்தி கித்தி இருக்குதா?"

"ஏன், பூசையில சாமியாரு குடிக்கறது இன்னா, மோரா?" என்றார் அவர். "இங்கதான் வெளிச்சம் படாது, யார் காலும் படாது. புள்ளைக்கு ஞானஸ்நானம் குடுக்கறன்னிக்கு எடுக்கலாம் மேரி. அதுவரைக்கும் யாரும் தொறக்கக் கூடாது."

அப்போது நான் ஏழு மாதம். 2004 மழைக்காலம். மழை இறங்கிவிட்டால் மரக்காணத்து உப்பளத்தில் வேலை இருக்காது. ஆண்கள் கிடைத்த வேலைக்குப் போவார்கள். இவர் சைக்கிளை மிதித்துக்கொண்டு இடையஞ்சாவடிப் பக்கம் ஒரு வெள்ளைக்காரர் தோட்டத்தில் செடிக்குத் தண்ணீர் விடப் போனார். அந்த மனுஷன் வீட்டிலேயே விஸ்கி ஊறவைக்கிறவர். செடி வளர்க்கப் போன என் புருஷன் அதைக் கற்றுக்கொண்டு வந்தார். நல்லதைக் கற்றுக்கொள்ளச் சொல்லி அனுப்பினால் ஆண்பிள்ளைகள் எதைக் கற்றுக்கொண்டு வருவார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

பாண்டிச்சேரியில் வாங்கிய வெள்ளைச் சரக்கு, பார்த்தால் பச்சைத் தண்ணீர். வெள்ளைக்காரர் கொடுத்த ஓக் மரத் துண்டுகளை லுங்கி மடியிலிருந்து எடுத்து, என் அடுப்பில் கருகக் கருகச் சுட்டார். வீடெல்லாம் புகையும் வெல்லப்பாகும் கலந்த மாதிரி ஒரு வாசனை. சுட்ட துண்டுகளை ஜாடிக்குள் போட்டு, வாயை வெள்ளைத் துணியால் மூடி, வலைக்குப் போடும் முடிச்சைப் போட்டுக் கட்டினார்.

"கடையில விக்கறதெல்லாம் பொன்னு மாதிரி இருக்குது, இது மூத்திரம் மாதிரிகூட இல்லையே," என்றேன்.

"கடைக்காரன் சக்கரையக் கருக்கி ஊத்தறான். இது அப்படி இல்ல. கலரு மொத்தமும் மரத்துக்குள்ளதான் இருக்குது. சூடு ஏறுனா சாராயம் மரத்துக்குள்ள போவும், சூடு எறங்குனா வெளிய வரும். போறப்ப வெறுங்கையோட போவும், வர்றப்ப கலர எடுத்துக்கினு வரும்."

"உங்களுக்கு நேர் எதிரு. நீங்க கையில காசோட போயி வெறுங்கையோட வருவீங்க."

அவர் சிரித்துவிட்டு, "மரம் குடுக்கறதையெல்லாம் குடுத்து முடிச்சிடுச்சுன்னா கலரு ஏறறது நின்னுடும். அதுவரைக்கும் உள்ள உசுரு இருக்குதுன்னு அர்த்தம்," என்றார். பக்கத்தில் அவர் தம்பி பெலிக்ஸ் உட்கார்ந்து கருகிய துண்டு ஒன்றை மோந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நண்டு பிடித்து வருகிறேன் என்று காலையிலேயே படகை எடுத்துக்கொண்டு முகத்துவாரத்துக்குப் போனார். சின்னப் பலகைப் படகு. வெள்ளைக்காரர் வீட்டு ஜன்னலுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்டை அதற்கு அடித்திருந்தார். சாம்பல் கலந்த ஒரு பச்சை. இந்தக் கரையில் எந்தப் படகுக்கும் அந்த நிறம் கிடையாது. "ஜன்னல் போவுது பாருடா," என்று ஊரே கேலி செய்யும்.

பிறகு கடல் வந்தது. அதைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள், நான் சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் வீடு உள்ளே தள்ளி மேட்டில் இருந்தது. தண்ணீர் முழங்கால் வரைக்கும் ஏறி, அடுப்பை அணைத்து, ஜாடியின் பாதி உயரம் வரைக்கும் நனைத்துவிட்டு இறங்கிப்போனது. ஜாடி அசையவில்லை. நான்தான் விழுந்தேன். காய்ச்சலில் கிடந்த என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்களாம். கண் விழித்தபோது பெலிக்ஸ் கட்டில் காலடியில் நின்றிருந்தான்.

"படகும் கெடைக்கல, அண்ணனும் கெடைக்கல அண்ணி," என்றான்.

அந்த வார்த்தையைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். படகே கிடைக்கவில்லை என்றால் ஆள் எப்படிச் செத்திருப்பார்? கப்பல்காரர்கள் தூக்கிப் போய் எங்கெங்கோ கரையில் இறக்கிவிட்டதாகச் செய்தி வந்துகொண்டிருந்த நேரம் அது. என் புருஷன் ஏதோ ஒரு தீவில் உட்கார்ந்து அங்கேயும் எவனுக்காவது சாராயம் ஊறவைக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், எனக்கு அது சிரிப்பாக இல்லை.

குழந்தை பிறந்து, சந்தியா என்று பெயர் வைத்து, வீட்டுக்கு வந்து ஜெபம் சொல்ல மண்டியிட்ட அன்றைக்குத்தான் ஜாடியைப் பார்த்தேன். பச்சைத் தண்ணீராக இருந்தது வைக்கோல் ஊறிய தண்ணீர் மாதிரி மஞ்சளாகியிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. யாரும் தொடவில்லை, யாரும் கிளறவில்லை, அவர் விட்டுப்போன வேலை தானாக நடந்துகொண்டிருந்தது. பெலிக்ஸைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பாருப்பா. உள்ள உசுரு இருக்குது. இந்தக் கலரு ஏறிக்கினு இருக்கற வரைக்கும் உங்கண்ணன் எங்கியோ இருக்காரு. ஆண்டவர் மேல ஆணையா நான் அவரச் செத்தவருன்னு சொல்ல மாட்டேன். புள்ளைக்கு ஞானஸ்நானமும் குடுக்க மாட்டேன். அவரு வந்துதான் குடுக்கணும்."

பெலிக்ஸ் ஜாடியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "சரி அண்ணி," என்றான்.

கோடை முழுக்க நிறம் ஏறியது. மஞ்சள் டீத்தண்ணீர் ஆயிற்று. உப்பளத்தில் உப்பு வாரி முடித்து வீட்டுக்கு வந்தால் முகம்கூடக் கழுவாமல் ஜாடி முன்னால் உட்காருவேன். ஆடி மாதத்தில் ஒரு வாரம் பார்த்தேன், அடுத்த வாரம் பார்த்தேன், ஒரே மாதிரி இருந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. பெலிக்ஸ் பெண்டாட்டி ரோஸ்லின்தான் பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்வாள். அவள் கஞ்சியைக் கொண்டுவந்து வைத்துக் கெஞ்சினாள். நான் திரும்பிப் படுத்துக்கொண்டேன். சில நாள் கழித்துப் பார்த்தால் ஜாடி மறுபடியும் சிவந்திருந்தது. எழுந்து ஒரு சட்டி சோறு தின்றேன்.

அதற்குப் பிறகுதான் வீட்டில் ஏதேதோ நடக்க ஆரம்பித்தது. வேலை முடிந்து கதவைத் திறந்தால் உள்ளே மரம் கருகிய வாசனை இருக்கும். அடுப்போ சில்லிட்டுக் கிடக்கும். ஜாடித் துணியை இழுத்துக் கட்டியிருப்பது நான் கட்டின மாதிரி இருக்காது, அவருடைய வலை முடிச்சாக இருக்கும். எனக்கு அந்த முடிச்சு போடவே வராது. ஒருநாள் துணியை அவிழ்த்து ஒரு சொட்டு விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். காரத்துக்கு அடியில் உப்புக் கரித்தது. கடல் உப்பு.

என்னோடு வேலை செய்யும் அமராவதியிடம் சொன்னேன். வாய்க்கு வாய் பேசுகிறவள், ஆனால் நல்லவள்.

"உப்பளத்துல வேல செய்யற வெரலு. அத நக்குனா உப்புக் கரிக்காம தேனா சொட்டும்?" என்றாள்.

"முடிச்சு?"

அவள் யோசித்தாள். "அக்கா, தப்பா நெனைக்காத. ஆசையோட போன உசுரு வூட்ட வுட்டுப் போவாது. ஞானஸ்நானத்துக்குக் குடிக்கணும்னு ஆசப்பட்டாரு இல்ல? அதான் வந்து வந்து பாத்துட்டுப் போறாரு. ஒங்க சாமியாருகிட்டச் சொல்லித் தண்ணி தெளிக்கச் சொல்லு."

அன்றிலிருந்து எனக்கு வீட்டுக்குள் நுழையவே பயம், நுழையாமல் இருக்கவும் முடியவில்லை. ஜாடிக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் பின்கழுத்தில் யாரோ மூச்சுவிடுகிற மாதிரி இருக்கும். "வந்திருக்கீங்கன்னா பேசுங்க," என்று ஒருநாள் சத்தம்போட்டே கேட்டேன். "வாய் கிழியப் பேசுவீங்களே, இப்ப இன்னா?" ஜாடிக்குள் ஒரு துண்டு புரண்டு அடியில் தட்டியது.

ஞாயிறு பூசை முடிந்து வந்தபோது கோவில் உபதேசியார் மரியதாஸ் நிறுத்தினார். "கல்லறைத் திருநாளு வருதும்மா. அலையில போனவங்க பேரெல்லாம் படிச்சு பூச வைக்கறோம். உன் வூட்டுக்காரரு பேரையும் குடுத்துடேன்."

"செத்தவங்க பேரக் கேளுங்க," என்று சொல்லிவிட்டு நடந்தேன். ஆனால் வீடு வருவதற்குள் அவர் கேட்டது எனக்குள் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. வருகிறது அவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. வருகிறது ஆளா, ஆவியா? அது மட்டும்தான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

அதற்கு ஒரு வழி தோன்றியது. மழைக்காலம் என்பதால் அப்போது உப்பைப் பொடியாக்கிப் பாக்கெட் போடும் கொட்டகையில் வேலை. மடியில் பொடி உப்பு எடுத்துவந்து, காலையில் கிளம்பும்போது கதவிலிருந்து பீடம் வரைக்கும் தூவிவிட்டுப் போனேன். பேய்க்குக் கால் கிடையாது. இது குழந்தைக்கும் தெரிந்த விஷயம். வாசனை மட்டும் வந்து உப்பு கலையாமல் இருந்தால், உபதேசியாரிடம் பேரைக் கொடுத்துவிடுவது என்று நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டேன்.

முதல் நாள் ஒன்றுமில்லை. மறுநாளும் இல்லை. அந்த வாரக் கடைசியில் கதவைத் திறந்தேன், கருகல் வாசனை முகத்தில் அடித்தது, உப்பில் காலடி கிடந்தது. ஈர உப்பில் அழுத்தமாகப் பதிந்த பெரிய ஆம்பிளைப் பாதம். கதவிலிருந்து ஜாடிக்குப் போயிருந்தது, ஜாடியிலிருந்து திரும்பியிருந்தது. நான் அதற்குள் என் காலை வைத்துப் பார்த்தேன். அவர் காலுக்குள் என் கால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

திருடனாக இருக்குமோ என்று நினைக்காமல் இல்லை. ஆனால் நம்ம ஊர்த் திருடன் அந்த ஜாடியைத் தொட்டிருந்தால் ஜாடி மட்டும்தான் மிஞ்சியிருக்கும். இதில் ஒரு மடக்கு குறையவில்லை. கதவுச் சாவி நிலைக்கு மேல் இருப்பது தெரிந்த இன்னொரு ஆள் பெலிக்ஸ். அவன் அன்றைக்கு வானூருக்குப் போவதாகக் காலையிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

அமராவதியை இழுத்துவந்து காட்டினேன். அவள் வாயில் கையை வைத்துக்கொண்டாள். "காலு இருக்குதுக்கா! அப்ப பேய் இல்ல!"

"அதத்தான் சொல்றேன்."

"உசுரோட இருக்கற மனுசன் ஏங்க்கா ஒளிஞ்சி ஒளிஞ்சி வரணும்?"

அது எனக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை. தலையில் அடிபட்டு நினைவு தப்பியிருக்கலாம், வெட்கமாக இருக்கலாம், எதுவோ இருக்கட்டும். கால் இருக்கிறது, அது போதும். நேராகக் கோவிலுக்குப் போய் உபதேசியாரிடம் சொன்னேன். "எம் புருஷன் பேர எந்தக் காலத்துலயும் எழுதிடாதீங்க. அவரு வூட்டுக்கு வந்து போயிக்கினு இருக்காரு." உபதேசியார் என்னைப் பார்த்த பார்வையை நான் சட்டை செய்யவில்லை. அன்றைக்குக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, "அப்பா வராரு, அப்பா வராரு," என்று பாடினேன். இத்தனை சந்தோஷமாக நான் கல்யாணத்தன்று கூட இருந்ததில்லை.

அடுத்த வாரம் ஜாடி கறுத்துவிட்டது.

காலையில் போகும்போது நல்ல செந்தேன் நிறம். சாயங்காலம் வந்து பார்த்தால் மை. விளக்கைப் பின்னால் பிடித்தாலும் வெளிச்சம் வரவில்லை. அவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். முடிச்சை அவிழ்த்து, பழைய சேலைத் துணியை ஒரு குண்டான்மேல் விரித்து மொத்தத்தையும் கவிழ்த்தேன். கறுப்புத் தண்ணீர் இறங்கியது. துணியில் மரத்துண்டுகள் மிஞ்சின. அவர் போட்டது ஒரு பிடிதான். இங்கே முறம் நிறைகிற அளவுக்கு இருந்தது. இத்தனை நாளும் நான் கலரைப் பார்த்தேனே தவிர, துண்டை எண்ணிப் பார்த்ததில்லை.

ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். ஒரு துண்டில் ஒடிந்த இரும்பு ஆணி இருந்தது. வாழைப்பூ நறுக்கிய அரிவாள்மனை கறுக்கிறதே, அந்தக் கறுப்புதான் இது. துவர்ப்பில் இரும்பு பட்டால் கறுக்கும். ஓக் துண்டில் ஆணி ஏது? ஊசியால் ஆணியை நெம்பி எடுத்தேன். மேலெல்லாம் கருகியிருந்த அந்தத் துண்டில், ஆணித் தலை மூடியிருந்த இடத்தில் மட்டும் நெருப்புப் படவில்லை. அங்கே ஒரு பொட்டு அளவுக்குப் பெயிண்ட் இருந்தது. சாம்பல் கலந்த பச்சை.

அன்றைக்கு நான் தூங்கவில்லை. மறுநாள் வேலைக்குக் கிளம்புகிற மாதிரி கிளம்பி, கொட்டகைப் பக்கம் போய்ச் சுற்றிக்கொண்டு திரும்பி, கதவை வெறுமனே சாத்திவிட்டு உள்ளே பீடத்தடியில் உட்கார்ந்தேன். மத்தியானம் கதவு திறந்தது. பெலிக்ஸ், கையில் ஒரு கொட்டாங்கச்சி. அதில் சுட்ட மரத்துண்டு இன்னும் புகைந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

நான் ஆணியை நீட்டினேன். "படகு எப்பக் கெடச்சிது?"

அவன் ஆணியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு, "மூணாம் நாளு அண்ணி. உப்பளத்து வாய்க்கால்ல கவுந்து கெடந்துச்சி. திருப்பிப் போட்டேன்," என்றான்.

"திருப்பிப் போட்டா?"

"அடியில அண்ணன் இருந்தாரு."

அவன் பேசிக்கொண்டே போனான். "பாக்கற மாதிரி இல்ல அண்ணி. சவுக்குத் தோப்புல குழி வெட்டி எல்லாரையும் ஒண்ணா வச்சாங்க. நானே தூக்கினு போயி வச்சேன். நீங்க காய்ச்சல்ல பெனாத்திக்கினு கெடந்தீங்க. இப்ப சொன்னா தாயும் போயிடும் புள்ளயும் போயிடும்னு நர்ஸம்மா சொன்னாங்க. நல்லாயிட்டதும் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீங்க ஜாடியக் காட்டி ஆண வச்சிட்டீங்க. ஆடியில கலரு நின்னு போச்சி, நீங்க சோத்தத் தொடல. ஓக் மரம் கேக்கலாம்னு இடையஞ்சாவடி போனேன், அந்த வெள்ளக்காரரு ஊருக்குப் போயிட்டாரு. வேம்பப் போட்டுப் பாத்தேன், புளியப் போட்டுப் பாத்தேன், தனி பாட்டில்ல. ஒண்ணும் சரியா வரல. படகுப் பலக தேக்கு. அது மட்டுந்தான் அதே கலர் குடுத்துச்சி."

எழுந்து போய் அறைந்தேன். கொட்டாங்கச்சி விழுந்து உருண்டது. மறுபடியும் அறைந்தேன். அவன் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. அவர் பிணத்தை மூடிக் கிடந்த பலகையைச் சுட்டுப் போட்டிருக்கிறான். அது நிறம் விட விட, அவர் உயிரோடிருக்கிறார் என்று நான் சோறு தின்றிருக்கிறேன். அந்த உப்பை நாக்கில் வைத்துச் சப்புக்கொட்டியிருக்கிறேன். வாசலில் போய் வாந்தியெடுத்தேன்.

தண்ணீர்ச் சொம்போடு அவன் பின்னால் வந்து நின்றான். "காலடியப் பாத்துட்டு நீங்க பாடுனீங்களாம், ரோஸ்லின் சொன்னா. அன்னிக்கே சொல்லிடணும்னு வாசல் வரைக்கும் வந்தேன் அண்ணி. முடியல." சொம்பை வைத்தான். "உசுரோட இருக்காரு, இருக்காருன்னு நீங்க சொல்லச் சொல்ல, எனக்கே சில நாளு சந்தேகமாயிடும். வேற யாரையோ தூக்கினு போயிப் பொதச்சிட்டேனோன்னு. பொதச்சவன் நானு."

நான் அவனைத் திட்ட வைத்திருந்த வார்த்தையெல்லாம் அங்கேயே போய்விட்டது. என்னைவிட அவன்தான் இந்த ஒரு வருஷமாகப் பிசாசோடு குடித்தனம் நடத்தியிருக்கிறான்.

மறுநாள் அவனோடு சவுக்குத் தோப்புக்குப் போனேன். மழையில் மண் அமுங்கியிருந்தது, மேலே புல் முளைத்திருந்தது. "எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். அவன் அங்கும் இங்கும் நடந்து பார்த்துவிட்டு, தெரியவில்லை என்று தலையாட்டினான். நான் அந்த மேடு முழுவதையும் ஒரு சுற்று சுற்றி வந்தேன். எங்கே அவர் தலை இருந்தாலும் என் நிழல் ஒருதரம் பட்டிருக்கும்.

அங்கிருந்து நேராகக் கோவிலுக்குப் போனோம். உபதேசியார் மரியதாஸ் பெஞ்சில் உட்கார்ந்து கல்லறைத் திருநாளுக்குப் பேர் எழுதிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"எழுதிக்கோங்க உபதேசியாரே," என்றேன். "இருதயநாதன்."

அவர் எழுதினார். "தேதி இருவத்தாறு டிசம்பர்தானம்மா? எல்லாருக்கும் அதான்."

"இல்ல," என்றேன். "நேத்து."

அவர் பெலிக்ஸைப் பார்த்தார். பெலிக்ஸ் தரையைப் பார்த்தான்.

"நேத்து மத்தியானம்தான் செத்தாரு," என்றேன். அலை வந்து ஒரு வருஷம் ஆகப்போகிற அந்த நேரத்தில், அந்தப் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, என் புருஷனுக்காக முதல்முதலாக வாய்விட்டு அழுதேன்.